அக்டோபரில் பிறந்தால் அண்டங்காக்கையா?

"செவ்விந்திய ராசி" என்று ஒரு சமாச்சாரம் இணையத்தில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதியைச் சொன்னால் போதும், உங்களுக்கான விலங்கோ பறவையோ எது என்று சொல்லிவிடுவார்கள். மார்ச் கடைசி என்றால் பருந்து. ஜனவரி தொடக்கம் என்றால் வாத்து. செப்டம்பர் 23-லிருந்து அக்டோபர் 23-க்குள் என்றால் ரேவன், அதாவது அண்டங்காக்கை. ரேவன்காரர்கள் இனிமையாகப் பேசுவார்களாம், சண்டை பிடிக்காதாம், எதிலும் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சமன்செய்வார்களாம். கூடவே "ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அமெரிக்கப் பழங்குடிகள் காத்துவரும் ஞானம்" என்று ஒரு முத்திரை.

அந்த முத்திரை பொய். அதுவும் சின்னப் பொய் இல்லை.

முதலில் தேதிகளைப் பாருங்கள். மேற்கத்திய ஜோதிடத்தில் துலாம் ராசிக்கு எந்தத் தேதி? அதே செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 23 வரை. துலாம்காரர்களின் குணம் என்ன? தராசு அல்லவா, அதனால் சமன், சமரசம், இனிமை! தராசைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பறவையை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற பதினொன்றும் இப்படியே. மேஷம் பருந்தாகிறது, ரிஷபம் நீர்நாயைப் போன்ற பீவர் ஆகிறது, மகரம் வாத்தாகிறது. பாபிலோனில் பிறந்து கிரேக்கம் வழியாக வளர்ந்த 12 ராசிச் சக்கரம், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மக்களிடம் அதே 12 துண்டாக, அதே தேதிகளோடு, எப்படிப் போய்ச் சேர்ந்தது? காக்கை தூக்கிக்கொண்டு போயிருக்குமோ!

இதன் பிறப்பிடத்தைத் தேட பழங்காலத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. 1980-ல் சன் பேர் என்பவரும் வபுன் என்பவரும் சேர்ந்து "தி மெடிசின் வீல்" என்று ஒரு ஜோதிடப் புத்தகம் வெளியிட்டார்கள். பருந்து, ரேவன், பனிவாத்து எல்லாம் அதில்தான் வரிசையாக வந்தன. அந்தப் புத்தகத்தில் 12 ராசிகளையும் ஆமை, தவளை, இடிப்பறவை, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு குலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிக் குலம் காற்றுக்கு உரியது. அதில் இருப்பவை எவை? மிதுனம், துலாம், கும்பம் ஆகியவற்றின் தேதிகளில் பிறந்தவர்களுக்கான மூன்று விலங்குகள். ஜோதிடம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். காற்று ராசிகள் என்று சொல்லப்படுபவை அந்த மூன்றேதான். நெருப்பு, நீர், நிலம் எல்லாமே அச்சு அசலாக அப்படியே பொருந்துகின்றன.

சன் பேர் ஓஜிப்வே பழங்குடியில் பிறந்தவர். அந்தச் சக்கரம் தனக்கு ஒரு தரிசனத்தில் கிடைத்தது என்றுதான் சொன்னார். ஆனால் அதை நகலெடுத்த பக்கங்கள் "ஒருவருக்குக் கிடைத்த தரிசனம்" என்பதை வெட்டிவிட்டு "எல்லாப் பழங்குடிகளின் மரபு" என்று ஒட்டிக்கொண்டன. அமெரிக்காவில் மட்டும் அரசு அங்கீகரித்த பழங்குடிகள் 570-க்கும் மேல். பாலைவனத்தில் சோளம் விதைத்தவர்களும் பனிக்கடலில் சீல் வேட்டையாடியவர்களும் ஒரே பட்டியலை வைத்துக் குழந்தைக்கு ராசி பார்த்தார்களாம். கேட்பவன் கேனையன் என்றால் எருமை ஏரோப்ளேன் ஓட்டுமாம்.

சரி, உண்மையிலேயே ரேவன் யாருடைய பறவை? வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் வாழும் ஹைடா மக்களைக் கேளுங்கள். அவர்கள் சமூகம் இரண்டு பெரும் பிரிவு: ஒன்று ரேவன், இன்னொன்று கழுகு. தாய் எந்தப் பிரிவோ பிள்ளையும் அதே பிரிவு. ரேவனும் ரேவனும் பங்காளிகள் மாதிரி, மரபுப்படி அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. எந்தக் குடும்பம் எந்தச் சின்னத்தைக் கம்பத்தில் செதுக்கலாம், எந்தப் பாட்டைப் பாடலாம் என்பதெல்லாம் பரம்பரைச் சொத்து. உரிமை இல்லாதவர் எடுத்தால் அது திருட்டு. எந்த மாதத்தில் பிறந்தாய் என்பது அங்கே கேள்வியே இல்லை. யார் வயிற்றில் பிறந்தாய் என்பதுதான் கேள்வி.

அவர்கள் கதைகளில் வரும் ரேவன் சமரசம் பேசும் சாதுவும் இல்லை. பெரும் பசிக்காரன், போக்கிரி, திருடன். ஒரு கிழவன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறான். ரேவன் ஒரு ஊசியிலையாக மாறித் தண்ணீரில் விழுந்து, அதைக் குடித்த கிழவனின் மகள் வயிற்றில் குழந்தையாகப் பிறந்து, அழுது அடம்பிடித்துப் பெட்டியை வாங்கி, புகைபோக்கி வழியாக வெளிச்சத்தோடு பறந்துவிடுகிறான். இவனைப் போய் "சண்டை பிடிக்காதவர்" என்று எழுதுகிறார்கள்!

இன்னொரு உதாரணம். ஹைடா சிற்பி பில் ரீட், சிப்பியிலிருந்து முதல் மனிதர்களை ரேவன் வெளியே வரவழைக்கும் கதையை மஞ்சள் தேவதாரு மரத்தில் செதுக்கினார். அது முடிந்ததும் அதே 1980-ல்தான். வான்கூவர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004-ல் வந்த கனடாவின் 20 டாலர் நோட்டிலும் அச்சானது. அவருடைய தாய் ரேவன் பிரிவு, ஆகவே அவரும் ரேவன். பிறந்ததோ 1920 ஜனவரி 12. இணையப் பட்டியல்படி அவர் வாத்து!

"விளையாட்டுக்குத்தானே, இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். விளையாட்டு என்றால் விளையாட்டு என்று சொல்லிவிட்டு ஆடட்டும். 2002-ல் வந்த மாரோவிண்ட் கணினி விளையாட்டில் 13 பிறப்பு ராசிகள் உண்டு. அவை கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. இங்கே நடப்பது வேறு. சின்னங்களும் பெயர்களும் உரிமைகளும் ஊரறிய உறுதியாகும் இடம் பொட்லாட்ச் என்ற விருந்து. அதை 1885 முதல் 1951 வரை கனடா சட்டம் போட்டுத் தடுத்தது. செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள், முகமூடிகள் பறிமுதல் ஆயின. சொந்தப் பறவைக்காக ஆடியவர்களைக் குற்றவாளியாக்கிய காலம் முடிந்து 30 வருடம்கூட ஆகாத நிலையில், அந்தப் பறவை எவர் வேண்டுமானாலும் தேதி பார்த்து எடுத்துக்கொள்ளும் பொம்மையாகிவிட்டது. எதிர்ப்பும் வராமல் இல்லை. தங்கள் ஆன்மிகத்தை விற்பவர்கள் மீது 1993-ல் லகோட்டா மக்கள் "போர்ப் பிரகடனம்" என்றே ஒன்றை வெளியிட்டார்கள்.

ரேவன் பிடித்திருக்கிறதா? தாராளமாகப் பிடிக்கட்டும். ஹைடா கதைகளைத் தேடிப் படிக்கலாம், பில் ரீட் செதுக்கியதைப் பார்க்கலாம். ஆனால் அக்டோபரில் பிறந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு "நான் ரேவன்" என்று சொல்வதற்கு முன், அப்படிச் சொல்லும் உரிமைக்காகச் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். துலாம் ராசிக்குத் துலாம் என்றே ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அது போதும்.