துணிச் சீட்டில் தமிழ் எங்கே?

கோவிலம்பாக்கத்து மொட்டை மாடிகளில் இன்று கொடிக்குக் கொடி லெக்கிங்சும் டி-சர்ட்டும் காய்கின்றன. எல்லாம் இழுத்தால் நீளும் துணிகள்! பஸ் ஏறவும், வண்டி ஓட்டவும், ஓடியாடி வேலை செய்யவும் அவை வசதியானவை. அவற்றைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் அவற்றின் குணம் தெரிந்து உடுத்த வேண்டும். அந்தக் குணத்தை உடுத்துகிறவருக்கு யார் சொல்வது?

நீளும் நூல்

துணி நீள்வதற்குக் காரணம் ஸ்பான்டெக்ஸ் என்னும் செயற்கை நூல். 1958-ம் ஆண்டில் அமெரிக்காவில், டூபாண்ட் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஜோசப் ஷிவர்ஸ் இதைக் கண்டுபிடித்தார். இதற்கு எலாஸ்டேன் என்றும் பெயர் உண்டு. 'லைக்ரா' என்பது வியாபாரப் பெயர்.

இழுத்தால் இந்த நூல் ஐந்து மடங்கு நீளும். விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். பருத்தி லெக்கிங்சில் பெரும்பாலும் 100-க்கு 5 பங்குதான் இது இருக்கும். அந்த 5 பங்கு கெட்டால் போதும். முட்டி தொங்கும், இடுப்பு நழுவும்.

அதைக் கெடுப்பது வெப்பம். கொதிநீர், சூடான இஸ்திரிப் பெட்டி, உச்சி வெயில் மூன்றும் ஆகாது. பிளீச்சிங் பவுடரும் ஆகாது. பச்சைத் தண்ணீரில் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தினால் துணி நெடுநாள் உழைக்கும்.

அடுப்பங்கரையில் ஆபத்து

துணி கெட்டால் வேறு வாங்கலாம். உடம்பு வெந்தால் என்ன செய்வது?

பாலியஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும்; புண் ஆழமாகும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே அடுப்பருகே நிற்கும்போதும், தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போதும், தொளதொளப்பு இல்லாத பருத்தி உடையே நல்லது.

பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதையும் மறக்கக் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் அதை நாள் முழுவதும் இறுக்கி உடுத்தினால் வேர்க்குரு வரும்.

நாலு வரி போதும்

துணியின் உள்பக்கம் ஒரு சிறு சீட்டு இருக்கிறது. என்ன நூல், எப்படித் துவைப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்!

அதிலுள்ள படங்களை யாரும் கற்றுக்கொள்ளலாம். தொட்டிக்குள் 30 என்றால், 30 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் இளஞ்சூடு. படத்தின்மேல் பெருக்கல் குறி என்றால், அந்த வேலையே கூடாது.

படம் மட்டும் போதுமா? பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழர் தைத்து, தமிழர் உடுத்தும் துணியில் தமிழுக்கு இடம் இல்லையா? "நிழலில் உலர்த்துக, தீயருகே வேண்டாம்" என்று அச்சிட என்ன பெரிய செலவு?

வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்!