விம்மலுக்கு ஒரு வாத்தியார்

பாட்டு வகுப்பில் சேரும்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நகராமல் கிடந்த கோடை அது. சிரித்து, விம்மி, உறுமி, ஒரே வரிக்குள் மூன்று ஆளாக மாறும் நாடகத்தனமான பாப் பாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பயிற்சியாளர் முதலில் ஊரையும் தெருவையும் விசாரித்தார். பிறகு பாடச் சொன்னார். "ரா வாய்ஸ். பாலிஷ் பண்ணணும். ஃபோக்குக்கு அப்படியே செட் ஆகும்" என்றார். நான் பாடியது ஒரு ஆங்கிலப் பாட்டு.

ஆறாவது வாரம் ஜோ எஸ்டிலின் முறைக்கு வந்தோம். அமெரிக்கப் பாடகியான அவர் குரலின் தன்மையை ஆறாகப் பிரித்தவர்: பேச்சு, ஃபால்செட்டோ, சாப், ட்வாங், ஓபரா, பெல்ட்டிங். ட்வாங்குக்கு வாத்து போலக் கத்திப் பழக வேண்டும். குரல்நாண்களுக்குச் சற்று மேலே தொண்டைக் குழாயைக் குறுக்கினால் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் வலுக்கின்றன. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. அதனால் அதிகம் கத்தாமலே குரல் தூரம் போகிறது. மைக் வருவதற்கு முன் விடிய விடியக் கூத்தாடியவர்களும், தெருமுனையில் நின்றபடியே நாலு தெருவுக்குக் கேட்கக் கோலமாவு விற்கும் அக்காவும் என் நினைவுக்கு வந்தார்கள்.

சாப் என்றால் விம்மல். பட்டியலில் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். திண்டிவனம் பக்கத்தில் என் ஆயா ஒப்பாரி பாடியவர். எங்கள் தெருச் சாவுக்குப் பாசத்தில். ஊர்த்தெருச் சாவுக்குக் கட்டாயத்தில், ஒரு மரக்கால் நெல்லுக்கு. எஸ்டிலின் சாப் அடங்கிய, மென்மையான ஒலி. ஆயாவின் விம்மல் தெருக்கோடி வரை கேட்க வேண்டியது. விம்மலோடு ட்வாங்கும் பெல்ட்டிங்கும் கலந்தால்தான் அது சாத்தியம். அந்த மூன்றையும் மாறி மாறிச் செய்ய நான் இன்னும் திணறுகிறேன்.

ஆயா இதை எப்படிக் கற்றார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு வெட்கம். பத்து வயதில் வட்டத்தில் உட்கார்ந்து, பெரியவர் பாடிய அடியின் கடைசிச் சொல்லை மட்டும் வாங்கிப் பாடினாராம். மூச்சை எங்கே திருடுவது, குரலை எங்கே உடைப்பது, அடுத்தவள் எடுக்க எங்கே அடங்குவது என்று ஒவ்வொன்றையும் திருத்தினார்களாம், சில சமயம் தொடையில் கிள்ளி. முதலடியைத் தானே எடுக்க நாலைந்து வருடம் ஆனதாம். இதற்குப் பெயர் பயிற்சி. சான்றிதழ் தர மட்டும் யாரும் இல்லை.

அதனால்தான் 'ரா' என்ற சொல் உறுத்துகிறது. 'மண்ணின் குரல்', 'இயல்பாவே வருது' என்பவையும் அதே சாதிதான். பாராட்டு போலத் தோன்றினாலும் ஒருவரின் உழைப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் பிறப்பை வைக்கும் சொற்கள் இவை. நம் தோழர்களும் மேடையில் "இது எங்க ரத்தத்துலயே இருக்கு" என்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் திறமை ரத்தத்தில் வரும் என்பது யாருடைய வாதம்? அவர்களுடையது 'சாதகம்', நம்முடையது 'ரத்தம்' என்று நாமே பிரித்துக் கொடுக்கலாமா?

ஃப்ரெடி மெர்க்குரியின் உறுமலை ஒலியியல் ஆய்வாளர்கள் அளந்து 2016இல் கட்டுரையே வெளியிட்டார்கள். எல்.ஆர். ஈஸ்வரி 1968இல் 'பணமா பாசமா' படத்தில் இலந்தைப் பழம் விற்ற குரலை நாம் 'கிக்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டோம். எந்த மெய்யெழுத்தை நசுக்குகிறார், மூச்சை எங்கே கேட்க விடுகிறார் என்று ஒரு மாணவர் உட்கார்ந்து குறித்தால் ஒரு பாடத்திட்டமே கிடைக்கும். அவர் கோரஸில் பாடி மேலே வந்தவர். அதுவும் ஒரு பள்ளிதான். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது கானாக்காரர்களும் ராப் பாடுபவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வரிகளைப் பற்றி நிறைய எழுதினோம், நானும்தான். தொண்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இப்போது படுகிறது.

வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆயாவின் குரல் ஐம்பது வயதிலேயே கம்மிப்போனது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இரவெல்லாம் பாடியதன் விலை அது. குரல்நாணில் கட்டி வராமல் உறுமுவது எப்படி என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பயிற்சியாளர்தான். ஆயாவுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. மாதம் நாலாயிரம் ரூபாய் கட்டி அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, அது வரும் மாதங்களில்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஆயாவிடம் என் 'சாப்' பாடிக் காட்டினேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "தொண்டையில அழுவுற. முதுவுல அழு" என்று என் விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்தினார். மறுபடி பாடினேன். "ம்... இன்னொரு வாட்டி" என்றார். கையை எடுக்கவில்லை.