தங்கம்மாவுக்கு ஓர் அடிக்குறிப்பு

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை முதல்முறை படித்தபோது எனக்கு இருபது வயது. விடுதியில் விளக்கணைத்த பிறகு, வராந்தா வெளிச்சத்தில் உட்கார்ந்து முடித்தேன். பாபுவுக்காக அழுதேன். பத்து வயது மூத்த யமுனாவை விரும்பி, சங்கீதத்துக்கும் மோகத்துக்கும் நடுவில் அல்லாடுகிற அந்தக் கும்பகோணத்து இளைஞன்தான் அன்று எனக்குக் காதலின் இலக்கணம். அப்படி ஒருவன் எனக்காகத் தவிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தவிக்கிறவளாக என்னை நினைத்துப் பார்க்கவே இல்லை.

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் அந்த நாவலை நடத்தினேன். ‘காதல் வழியே தன்னைக் கண்டடைதல்’ என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “யாரு கண்டடையுறாங்க அம்மா? தங்கம்மா செத்துப்போயிடுறாளே?”

வீட்டுக்கு வந்து என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பிரித்தேன். பாபுவுக்கு ஓர் இயல். ரங்கண்ணாவின் இசைக்கு ஓர் இயல். யமுனாவுக்கு அரை இயல், அதிலும் பாதி அவள் அழகு. தங்கம்மாவுக்கு ஓர் அடிக்குறிப்பு: ‘சபலத்துக்குப் பலியானவள்.’ எழுதியது நான்தான். நெறியாளர் திருத்தவில்லை, வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

யார் அவள்? கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட இளம்பெண். இரவில் பாபுவிடம் வருகிறாள். அவன் ஏற்கிறான், பிறகு குற்றவுணர்வில் விலக்குகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். இருவருக்கும் இருந்தது உடலின் வேட்கைதான். அவனுடையதை மோகம் என்கிறோம், அதற்குத் தத்துவம் எழுதுகிறோம். அவளுடையதைச் சபலம் என்கிறோம். அவளுடைய சாவைக்கூட அவன் மனம் பக்குவப்பட்டதற்கான சான்றாகத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

யமுனாவுக்கு மட்டும் என்ன செய்தோம்? மராட்டியத் தாய்க்கும் தமிழ்ப் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவள் என்று அவளுக்கு வரன்கள் தட்டிப்போகின்றன. வறுமை அவளை அரிக்கிறது. பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அவளே முடிவெடுத்து அவனிடம் வருகிறாள். அதன்பின் அவன் சங்கீதம் தேடி வடக்கே போகிறான். அவள் எதைத் தேடினாள் என்று ஒரு தேர்விலும் நான் கேட்டதில்லை.

ஜானகிராமன்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. பொருந்தாத மணத்தில் மூச்சுமுட்டுகிறவளுக்கும் ஆசை உண்டு என்று அவர் எழுதித்தான் வைத்தார். நாம்தான் அந்தப் பக்கங்களைப் பாபுவின் தோள்மேல் சாய்ந்து படித்தோம். ஆணின் தவிப்பை மனிதத் தவிப்பு என்றும், பெண்ணின் தவிப்பை நடத்தைக் கோளாறு என்றும் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதோடு நிற்காமல், சம்பளம் வாங்கிக்கொண்டு நானும் கற்றுக்கொடுத்தேன்.

இந்தப் பருவத் தேர்வுக்கு ஒரு வினா எழுதினேன்: ‘தங்கம்மாவின் பார்வையில் மோகமுள்ளின் கதையை ஆராய்க.’ பாடத்திட்டத்துக்கு வெளியே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாவல் பாடத்தில் இருக்கிறது. அதற்குள் இருக்கிற பெண் மட்டும் எப்படி வெளியே போனாள்?

அதே வினாவை, ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடி அனுப்பியிருக்கிறேன்.