இலையைத் திருப்பிப் பாராமல் மருந்து விற்கலாகாது

நெசவாளர் இல்லங்களின் கிணற்றடியில் நாலைந்து மிளகாய்ச் செடிகள் நிற்பதை எங்கும் காண்கிறோம். குருத்து சற்றே சுருண்டதும், "மருந்து கொடுங்கள்" என்று உறுப்பினர் விற்பனைப் பிரிவிற்கு வருகிறார். விற்பவரும் கைக்கெட்டிய புட்டியை எடுத்துக் கொடுத்துப் பற்று எழுதிவிடுகிறார். தனியார் கடை எங்ஙனமாயினும் ஆகுக. கூட்டுறவுச் சங்கம் இதைச் செய்தல் தகாது என்பது என் கருத்து.

சுருட்டை என்பது ஒரே நோயன்று. விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து இலை படகைப்போற் குழிந்தால், அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த படகை ஒத்து, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இலைகள் சிறுத்துச் சுருண்டு, செடியே குறுகிப் புதராகிவிட்டால் வெள்ளை ஈ கொணர்ந்த நச்சுயிரி எனலாம். அதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி.

சிலந்திப்பேன் பூச்சியன்று, எட்டுக்கால் உயிர். பூச்சிக்கொல்லிகள் பல அதனை விட்டுவிட்டு, அதனைத் தின்னும் நல்லுயிர்களைக் கொல்கின்றன. "மருந்தடித்த பின்னரே சுருட்டை மிகுந்தது" என்ற முறையீட்டின் காரணம் பலமுறை இதுவே. அதற்கு ஏற்றது நனையும் கந்தகம். அதையும் உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலைப்பேனுக்கோ, லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாறே நாலைந்து செடிகளுக்குப் போதும்.

மஞ்சளித்த இலைக்கும் புட்டி வாங்குவோர் உளர்! அடியிலைகள் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. தொட்டியில் நீர் தேங்கியதா என்பதை விரலை விட்டே அறியலாம்.

நெசவாளர் சங்கத்தில் இழை எண்ணும் கண்ணாடி இருக்கிறதன்றோ? துணி சோதிக்கும் நேரம் போக அது மேசையறையில் உறங்குகிறது. குருத்தை வெள்ளைத்தாளின்மேல் தட்டி அக்கண்ணாடியால் நோக்கினால், மெல்லிய மஞ்சள் இலைப்பேன்கள் ஓடுவது தெரியும்.

"ஒரு புட்டிக்கு இத்தனை விசாரணையா?" எனச் செயலாளர் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். அம்மிளகாய் மறுநாளே குழம்பில் விழுவது, குழந்தைகள் உண்பது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடுக்கும் வரை அதுவும் கடைகளில் விற்ற சரக்கே. ஆகவே, நோயுற்ற இலையைக் கொண்டுவந்து காட்டாதவருக்கு மருந்து வழங்குவதில்லை என்றும், விற்பனைப் பதிவேட்டில் நோயின் பெயருக்கு ஒரு பத்தி சேர்ப்பதென்றும் நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்க வேண்டும். தணிக்கையின்போது அப்பத்தியை நான் முதலிற் பார்ப்பேன்.