ரெண்டு பேருக்கு 2000 வாட்ஸ் மிக்ஸியா?



நம் சொந்தத்தில் ஒரு வீடு. இருப்பதே இரண்டு பேர். ஓட்டலுக்கு வாங்குகிற 2000 வாட்ஸ் மிக்ஸியை வாங்கி, கன்வெர்ட்டர் போட்டு, பழைய 5 ஆம்பியர் பாயின்டில் ஓட்டியிருக்கிறார்கள். நான் போனபோது பிளக் பாயின்ட் கருகிக் கிடந்தது. யார் வீடு என்று சொல்லமாட்டேன், படித்தால் அவர்களுக்கே புரியும்!

வகுப்பில் போட்ட கணக்குதானே? வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000-ஐ 230-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.7 வரும். 5 ஆம்பியர் பாயின்ட் எப்படித் தாங்கும்?

கடைக்காரர் "வாட்ஸ் கூட இருந்தா நைஸா அரைக்கும் சார்" என்பார். வாட்ஸ் என்பது மிக்ஸி இழுக்கிற பவரின் அளவு, சட்னியின் பதம் அல்ல. அவ்வளவு பெரிய ஜாரில் அரைமூடித் தேங்காயைப் போட்டால் சுற்றிலும் அப்பிக்கொள்ளும், பிளேடுக்கே எட்டாது. சின்ன ஜார் உண்டா, பிளேடும் ரப்பரும் நம் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். சிறு குடும்பத்துக்கு 750 வாட்ஸ் தாராளம். இட்லி மாவுக்குத்தான் கிரைண்டர் இருக்கிறதே.

வாங்கிவிட்டவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி ஒயர் இழுத்து 15 ஆம்பியர் பாயின்ட் போடுங்கள். அதுவரை அதைத் தொடவேண்டாம். நாளைக் காலையில் போன் செய்து கேட்பேன்.