டேஷ்போர்டை அறுக்க வேண்டாம்

கார் என்றால் எஞ்சின், எஞ்சின் என்றால் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று எண்ணும் அன்புத் தோழியரே, இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாங்கள் சொல்ல வந்தது எஞ்சினைப் பற்றியல்ல. முன் இருக்கைக்கு எதிரே மீட்டர்களையும் சுவிட்சுகளையும் தாங்கி நிற்கிறதே, அந்த டேஷ்போர்டைப் பற்றி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. அவளுடைய தாத்தா அரியலூரில் இருந்தபோது அதைப் பழைய வண்டியாக வாங்கினாராம். அந்நாளில் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அரியலூர் அதிலிருந்து நிலையாகப் பிரிந்தது 2007-இல். ஆக, அந்தக் கார் நம் இரு மாவட்டங்களுக்கும் மூத்தது. இப்போது அது பெரம்பலூரில் ஒரு பட்டறையில் நிற்கிறது. எஞ்சின் வேலையும் டிங்கரிங் வேலையும் முடிந்துவிட்டன. டேஷ்போர்டில் வந்து தகராறு. பழைய பலகையை அறுத்து, பாட்டுப் பெட்டியும் டிஜிட்டல் மீட்டரும் பொருத்திவிடலாம் என்கிறார் தோழியின் அப்பா. கூடவே கூடாது என்கிறார் தாத்தா. நாங்கள் தாத்தாவின் கட்சி.

காரணம் கேட்பீர்கள். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகள் வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். சாஸியையோ வெளிக்கூட்டையோ எஞ்சினையோ மாற்றியமைத்திருக்கக் கூடாது என்று அந்த விதி எடுத்துச் சொல்கிறது. டேஷ்போர்டின் பெயரை அதில் காணோம். இது பெரிய குறை என்பது எங்கள் எண்ணம். வண்டியில் உட்கார்ந்து போகிறவர் கண்ணெதிரே இருப்பது சாஸியா, டேஷ்போர்டா?

அதிலும் பழைய அம்பாசிடரில் ஒரு விசேஷம் உண்டு. மீட்டர்கள் ஓட்டுபவருக்கு நேரே இருக்கமாட்டா. பலகையின் நடுவில் இருக்கும். முன் இருக்கையும் ஒரே நீள இருக்கை. அப்பா எவ்வளவு வேகம் போகிறார் என்பதை அம்மாவும் பார்க்கலாம், மடியிலிருக்கும் குழந்தையும் பார்க்கலாம். (அம்மாக்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.) பிற்பாடு வந்த மாடல்களில் மீட்டர் ஸ்டியரிங்கின் பின்னால் போய்விட்டது.

அந்த ஸ்பீடாமீட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தபோது பார்த்தோம். கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தின் மேல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அதைத் தன்னோடு இழுக்கிறது. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் முள் நிற்கும் இடம்தான் வேகம். அரைப் பக்கம் மனப்பாடம் செய்தும் புரியாத பௌதிகம் அரை நிமிடத்தில் புரிந்தது. முள் நடுங்குகிறது என்பதற்காகவே இதைத் தூக்கி எறிய இருந்தார்கள். கேபிளில் கிரீஸ் வறண்டாலும் முள் நடுங்கும் என்றார் மெக்கானிக் அண்ணன். கழுவி, புது கிரீஸ் தடவினார், நடுக்கம் நின்றது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஐம்பது வருஷத்து வயரின் உறை வெடித்திருந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அதைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கையில் கிடைத்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் போடுவது சோம்பேறித்தனம். அம்பாசிடர் பிறந்தது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து. அந்நாட்டு வழக்கப்படி பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. நிறம் மாறாமல் போட்டால் நாளைக்கு வேறொருவர் பிரிக்கும்போது திணறமாட்டார்.

பிரிப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வயரிலும் ஒரு சீட்டு, ஒவ்வொரு இடத்து ஸ்குரூவுக்கும் ஒரு டப்பா, கழற்றுமுன் செல்போனில் ஒரு படம். தையல் வகுப்பில் ரவிக்கைத் துண்டுகளுக்கு அடையாளம் போட்டுத்தானே வைக்கிறோம்? திரும்பப் பூட்டும்போது ஸ்பீடாமீட்டர் கேபிளை மாட்டி, ஒவ்வொரு பல்பையும் எரியவிட்டுப் பார்த்தபின்தான் பலகையை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பல்புக்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற நேரும்.

உதிரி பாகம் கிடைக்காதே என்பார்கள். மெய்தான். 1958 முதல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் 2014-இல் நின்றுபோயிற்று. 2017-இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பெயருக்கு 80 கோடி. தாத்தாவின் சோக் குமிழுக்கோ சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! கிடைத்த ஒன்றை அறுத்து எறிந்தால் அடுத்தது எங்கே வாங்குவது?

சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசிடரைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் காரை நாடு காப்பாற்றும். அரியலூர்த் தாத்தாவின் காரை வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும். அப்பாவுக்குப் பாட்டுக் கேட்க ஆசையென்றால், சின்ன ரேடியோ ஒன்றை இருக்கையில் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பலகையில் ஓட்டை எதற்கு?