செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

செருப்பு சிறியதாக இருந்தால் என்ன செய்வோம்? வேறு செருப்பு வாங்குவோம். யாரும் காலை வெட்டிக்கொள்வது இல்லை.

ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். கால் மடங்கினாலும், கை எட்டாவிட்டாலும், "காரில் ஒரு ஆணியைக்கூட மாற்றக்கூடாது" என்கிறார்கள். இது சரியா?

அழகுக் கார்

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் தயாரான கார், ஜாகுவார் "ஈ-டைப்." 1961-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா நகரில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். நீண்ட மூக்கு, தாழ்ந்த உடல். மணிக்கு 150 மைல் வேகம் ஓடும் என்றார்கள். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால், உயரமானவர்கள் உள்ளே உட்கார்ந்தால் திண்டாட்டம்தான்! காரின் தரை தட்டையாக இருந்தது. காலை நீட்டப் போதிய இடம் இல்லை.

கம்பெனியே மாற்றியது

கம்பெனி பிடிவாதம் பிடிக்கவில்லை. 1962-ல் கால் வைக்கும் இடத்தில் தரையைப் பள்ளமாக்கியது. 1964-ல் வசதியான இருக்கையும், எளிதாக மாறும் கியரும் வந்தன.

அடுத்து சுவிட்சுகள். அவை விமானத்தில் இருப்பதைப்போல் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. பார்க்க அழகு! ஆனால், மோதலில் சிக்கினால் உடம்பில் குத்தும் ஆபத்து.

அமெரிக்காவில் 1966-ல் மோட்டார் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி புதிய விதிகள் அமலுக்கு வந்தன. பெல்ட் கட்டிய டிரைவருக்கு முக்கியமான சுவிட்சுகள் கைக்கு எட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஜாகுவாரும் நீட்டிய சுவிட்சுகளை எடுத்துவிட்டு, தட்டையான சுவிட்சுகளை வைத்தது.

செய்தவர்களே மாற்றினார்கள். வாங்கியவர் மாற்றுவது எப்படிக் குற்றமாகும்?

உயிர் பெரிது

முழங்கால் இடிக்கிறதா? சிறிய ஸ்டீரிங் சக்கரம் போடலாம். இருக்கையைச் சிறிது பின்னால் தள்ளலாம். கால் எட்டவில்லையா? மிதிகட்டையின்மேல் ஒரு தகடு பொருத்தலாம்.

இது சொகுசுக்காக அல்ல. அவசரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் தவறி ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? காரில் இருப்பவருக்கு மட்டுமா ஆபத்து? சாலையில் போகிறவருக்கும்தானே!

ஒரு எச்சரிக்கை

அதற்காகக் கத்தியை எடுத்து வெட்டிவிடக் கூடாது. வேடிக்கையைப் பாருங்கள்: கால் வைக்க இடம் இல்லாத அந்தத் தட்டைத் தரைக் கார்களுக்குத்தான் இன்று அதிக விலை! தரையை அறுத்தால் மதிப்பு போய்விடும். போனது திரும்பாது.

ஆகவே, திருகாணியால் பொருத்துங்கள், அறுக்காதீர்கள். கழற்றிய பாகங்களைத் துணியில் சுற்றி, சீட்டு எழுதிப் பத்திரமாக வையுங்கள். நாளை வாங்குகிறவர் பழையபடி மாட்டிக்கொள்ளட்டும். பிரேக், ஸ்டீரிங் வேலையை மட்டும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நியூயார்க் நகரில் உள்ள நவீன கலை அருங்காட்சியகம் 1996-ல் ஒரு "ஈ-டைப்" காரைச் சேர்த்துக்கொண்டது. அதை யாரும் தொட வேண்டாம். அது பார்ப்பதற்கு உள்ள கார்.

சாலையில் ஓடும் கார் அப்படி அல்ல. அதற்குள் ஒரு மனிதர் இருக்கிறார். வீட்டில் அவருக்காகக் குடும்பம் காத்திருக்கிறது. காருக்காக மனிதன் அல்ல, மனிதனுக்காகத்தான் கார்!